செபக்கூடம் என்று எழுதிக் கொடுத்தவர்

சாமி கும்பிடுகிற கட்டடத்துக்குத் தமிழில் எத்தனை பெயர் உண்டோ அத்தனையும் என் விரல் வழியாகப் போயிருக்கிறது. புதுக்கோட்டையில் ஒரு சந்துக்குள் டி.டி.பி. கடையில் உட்கார்ந்து இருபது வருடமாக நோட்டீஸ், பத்திரிகை, போஸ்டர் அடித்துக் கொடுக்கிறேன். முதல் பத்து வருடம் சம்பளத்துக்கு, பிறகு அதே கடையைச் சொந்தமாக எடுத்து நடத்துகிறேன். கும்பாபிஷேகப் பத்திரிகை கொண்டுவருகிறவர் 'திருக்கோயில்' என்று போடச் சொல்வார். 'திரு'வை விட்டுவிட்டால் முகம் சுருங்கிவிடும். திருமயம் பக்கத்து நகரத்தார் வீடுகளிலிருந்து வருகிறவர்கள் 'படைப்பு வீடு' என்பார்கள். முன்னோருக்குப் படையல் போடுகிற வீடு அது, அதைக் கோயில் என்று மாற்றினால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஒரு பாய் வருவார். பள்ளிவாசல் ஒரு வரியிலும் தர்கா இன்னொரு வரியிலும் தனித்தனியாக வர வேண்டும் என்று என் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பார். சபைக்காரர்களில் ஒருவருக்கு 'ஜெப வீடு', இன்னொருவருக்கு 'ஆலயம்', மூன்றாமவருக்குக் கட்டாயம் 'தேவாலயம்'.

நான் யாரிடமும் ஏன் என்று கேட்டதில்லை. அவரவர் வார்த்தையை அவரவருக்குக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் என் தொழில். எனக்கு மட்டும் என் வார்த்தையைக் கொடுக்க ஒருவருக்கு மனசு வரவில்லை. அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவர் கண்ணில் இது பட்டால் எனக்குச் சந்தோஷம்.

எங்கள் ஊர் அரிமளம் போகிற ரோட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர். பாதிப் பேர் இந்துக்கள், பாதிப் பேர் வேதக்காரர்கள் என்று சொல்லப்படுகிற கிறிஸ்தவர்கள், நாங்கள். வேதக்காரர்களில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு தெரு. இரண்டு தெருவுக்கும் ஒரே செபமாலை, ஒரே பங்குச் சாமியார், ஒரே கல்லறைத் தோட்டம். அந்தத் தோட்டத்துக்கு நடுவே மட்டும் இடுப்பளவுக்கு ஒரு சுவர் ஓடுகிறது. அது எதற்கு என்று எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, தானாகவே தெரிந்துவிடும். நாங்கள் கீழத்தெரு.

பங்குக் கோயில் மேலத்தெருவில் இருக்கிறது. எங்கள் தெருவில் இருக்கிற சின்னக் கோயிலை என் அப்பாதான் கட்டினார். அப்பா கொத்தனார். வேலைக்குப் போன இடங்களில் மிஞ்சிய செம்புறாங்கல்லைக் கேட்டு வாங்கி, சைக்கிளில் நாலைந்து கல்லாகக் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த பிறகு தெரு ஆட்களோடு சேர்ந்து கட்டியது. அப்போது இருந்த வயதான சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்து, பீடத்தில் பூசையும் வைத்தார். அதன்பின் வருடத்துக்கு ஒரு முறை, மாதா பிறந்தநாள் அன்று, அங்கே பூசை உண்டு. மற்ற நாட்களில் காலையிலும் சாயங்காலமும் செபமாலை. நாங்கள் அதைக் கோயில் என்றே சொல்லி வளர்ந்தோம். "கோயிலக் கூட்டிட்டு வா", "கோயில்ல வெளக்குப் போட்டியா" என்பதுதான் வீட்டில் பேச்சு. வேறு வார்த்தை ஒன்று அதற்கு இருக்கிறது என்பதே பள்ளிக்கூடம் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மேலத்தெருவில் அதன் பெயர் 'செபக்கூடம்'.

பேர் என்ன பெரிய பேர் என்று கேட்கலாம். எங்கள் ஊரில் திருவிழாச் சப்பரம் கோயிலிலிருந்து கிளம்பினால் ஊரிலுள்ள கோயில்கள் எல்லாவற்றின் முன்னாலும் நின்று வர வேண்டும் என்று ஒரு முறை உண்டு. குளத்தங்கரையில் இரண்டு பேர்கூட நிற்க முடியாத மாதா கோயில் ஒன்று இருக்கிறது, அங்கே நிற்கும். ஐயனார் கோயில் திருப்பத்தில் நிற்கும்; அந்தக் கோயில்காரர்கள் வந்து மாலை போடுவார்கள், நம் ஆட்கள் வாங்கிக்கொள்வார்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கீழத்தெருவுக்குச் சப்பரம் வராது. ஏனென்றால் அங்கே கோயில் கிடையாது, செபக்கூடம்தான் இருக்கிறது. செபக்கூடத்துக்குச் சப்பரம் போகிற வழக்கம் இல்லை. தெரு பிடிக்கவில்லை என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. அந்த ஒரு வார்த்தை அவ்வளவு வேலையையும் பார்த்துக்கொண்டது.

எட்டாம் வகுப்பில் எங்களைச் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போனார்கள். டிக்கெட் எடுத்து, வரிசையில் நின்று குகைக்குள் எட்டிப் பார்த்தோம். அங்கிருந்தவர் அந்தக் குடைவரைக்கு அறிவர் கோயில் என்று பெயர் என்றார். விளக்கு இல்லை, பூசை இல்லை, கும்பிட ஒரு ஆள் இல்லை. அதற்குக்கூடக் கோயில் என்று பெயர் இருக்கிறது. மற்றப் பிள்ளைகள் கூரையில் தாமரைப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

இப்போது அவரைச் சொல்கிறேன். மேலத்தெருக்காரர், வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், பங்குப் பேரவைச் செயலாளர். சாமியார்கள் ஐந்து வருடத்துக்கு ஒருவர் மாறுவார்கள், இவர் மாற மாட்டார். திருவிழா நோட்டீசை முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் கொண்டுவருவார். என் அப்பா அவரைவிட எட்டு வயது மூத்தவர். அவர் அப்பாவை "ஏப்பா" என்பார், "நீ" என்பார். அப்பா அவரை "சார்" என்பார். மகள் நானும் சார் என்றுதான் சொல்வேன். இன்றைக்கும் அப்படித்தான்.

என் அம்மா ஒரு ஐப்பசி மாதம் சனிக்கிழமை காலையில் இறந்தாள். மூன்று நாளாக விடாத மழை. எங்களுக்கு, இறந்தவரைக் கோயிலுக்குக் கொண்டுபோய், பீடத்துக்கு முன்னால் பெட்டியை வைத்து, பூசை முடித்துத்தான் கல்லறைக்கு எடுக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க ஒரு ஞாயிறு தவறாதவள் அம்மா. அன்றைக்குப் பார்த்துப் பங்குச் சாமியார் வெளியூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். மேலத்தெருவில் ஒரு கல்யாணம், அதற்காக வேறு ஊர்ச் சாமியார் வந்திருந்தார். அப்பா நனைந்துகொண்டே பங்குக் கோயிலுக்குப் போனார், நானும் கூடப் போனேன். கல்யாணப் பூசை முடிந்து எல்லாரும் சாப்பாட்டுக்குப் போன பிறகு, சாயங்காலமாக, அதே சாமியாரை வைத்து அம்மாவுக்கு ஒரு பூசை. அவ்வளவுதான் கேட்டார்.

செயலாளர் வாசலில் வாழைமரம் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா பேசி முடிக்கும்வரை திரும்பவில்லை.

"ஏப்பா, நல்ல காரியம் நடக்குற அன்னைக்கு எழவுப் பெட்டிய இங்கிட்டுக் கொண்டாந்தா மாப்ள வீட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க?" என்றார். "ஒங்களுக்குன்னுதான் ஒரு கோயில் இருக்குல்ல. அங்கிட்டே வச்சு முடிச்சிரு. உபதேசியார அனுப்புறேன்."

கோயில். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை எங்கள் கட்டடத்துக்கு வந்தது அன்றைக்குத்தான் முதல் முறை. சப்பரம் கேட்டால் செபக்கூடம், பிணத்தோடு போனால் கோயில். அப்பா "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நான் அவருக்குப் பின்னால் நடந்தேன். அந்த "சரிங்க சார்" அளவுக்கு என்னை எரித்தது வேறு எதுவும் இல்லை. உபதேசியார் வந்து செபம் சொன்னார், அவர் சாமியார் இல்லை, பூசை வைக்க முடியாது. நல்ல மனிதர். மழைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. பூசை இல்லாமல் அம்மாவை எடுத்தோம். பங்குச் சாமியார் திரும்பி வந்து வருத்தப்பட்டார், ஏழாம் நாள் பூசை வைத்தார். ஏழாம் நாள் அம்மா மண்ணுக்குள் இருந்தாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனைதான். இவரை அந்த வார்த்தையைச் சொல்ல வைக்க வேண்டும். எங்களை விரட்டுவதற்காக இல்லை, அவருக்குத் தேவைப்பட்டு, கேட்டு, கெஞ்சி. எப்படி என்று தெரியவில்லை. ஆனால் செபமாலை சொல்லும்போது பாதி நேரம் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த திருவிழாவுக்கு நான் ஒரு காரியம் செய்தேன். அவசரப்பட்டுச் செய்தது. எங்கள் ஊர் நோட்டீசில் பெரிய வேலை எதுவென்றால், உபயதாரர் பெயர்கள். ஒன்பது நாளுக்கும் யார் யார் உபயம், யாருக்கு முன்னால் யார், பெயருக்குப் பின்னால் பி.இ.யா எம்.இ.யா, மகன் சிங்கப்பூரில் இருந்தால் அடைப்புக்குறிக்குள் சிங்கப்பூர். இதில் ஒரு எழுத்து தவறினால் அந்த வருடத் திருவிழாவே சண்டையில் முடியும். ஆகவே புரூஃப் பார்க்க வருகிறவர் சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு பெயர்களை மட்டும்தான் பார்ப்பார். வேதவசனத்தைக்கூடப் பார்க்க மாட்டார். அடியில் சப்பரம் செல்லும் வழி என்று ஒரு பத்தி உண்டு. அதை யாருமே படித்ததில்லை, ஏனென்றால் அது எந்த வருடமும் மாறியதில்லை. அந்தப் பத்தியில், குளத்தங்கரை மாதா கோயிலுக்கும் ஐயனார் கோயில் திருப்பத்துக்கும் நடுவில், 'கீழத்தெருக் கோயில்' என்று நான் சேர்த்தேன். நோட்டீசைக் கொடியேற்றத்தன்று பீடத்திலிருந்து சாமியார் வாசிப்பார். வாசித்தது நடந்தாக வேண்டும், அதுவும் எங்கள் ஊர் முறை. செயலாளர் முக்கால் மணி நேரம் பெயர்களைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கொடியேற்றத்துக்கு முதல் நாள் காலை நோட்டீஸ் கட்டுகளோடு திரும்பி வந்தார். யாரோ ஒரு புண்ணியவான் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டிருக்கிறார். நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். கையெழுத்துப் போட்ட புரூஃபை மேசையில் எடுத்தும் வைத்துவிட்டேன். அவர் சண்டை போடவே இல்லை. "அச்சுப்பிழை ஆகிப்போச்சு போல. பரவால்ல. சின்னச் சீட்டா அடிச்சுக் குடு, மேல ஒட்டிக்கிறோம்" என்றார். நான் வேண்டுமென்றே செய்திருப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அவ்வளவு தைரியம் இருக்கும் என்று அவர் கணக்கிலேயே இல்லை. அப்போது கடை என்னுடையதில்லை. முதலாளி அடித்துக் கொடு என்றார். 'செபக்கூடம்' என்று அதே எழுத்தில், அதே அளவில், தாள் முழுக்க அடித்து, கத்தரித்து, என் கையாலேயே கொடுத்தேன். மேலத்தெருப் பிள்ளைகள் மைதாப் பசை காய்ச்சி அன்று மத்தியானம் முழுக்க ஒட்டினார்கள். இனி ஆத்திரத்தில் எதையும் செய்வதில்லை, ஆத்திரத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பது என்று அன்று முடிவு பண்ணினேன்.

காத்திருந்தேன். கடை என் கைக்கு வந்தது. அப்பாவுக்குக் கண் மங்கியது, கோயிலைத் திறந்து மூடுகிற வேலை எனக்கு வந்தது. விடியலில் செபமாலை முடிந்ததும் பூட்டிவிட்டு, சாவியை ஸ்கூட்டர் சாவியோடு பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்துவிடுவேன். இன்னொரு சாவி எப்போதோ தொலைந்துபோயிருந்தது.

பிறகு மேலத்தெருவில் பழைய பங்குக் கோயிலை இடித்தார்கள். பெரிதாகக் கட்டப் போகிறார்களாம். கட்டி முடிக்கும்வரை ஞாயிற்றுக்கிழமைப் பூசை பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. எங்கள் கோயிலில் வைக்கலாமே என்று புதிதாக வந்த சாமியார் கேட்டாராம். இடம் பற்றாது என்று செயலாளர் சொல்லிவிட்டாராம்.

மார்ச் மாதம் பிளஸ் டூ பரீட்சை வந்தது. ஹாலில் பெஞ்சு போட்டு, நம்பர் ஒட்டி, சீல் வைத்துவிட்டார்கள். போலீஸ்காரர் ஒருவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த வாரத்தில்தான் செயலாளரின் அம்மா இறந்தார். தொண்ணூறைத் தாண்டிய கிழவி. சாகக் கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப் பூசுதலைச் சாமியார் கொடுக்கப் போனபோது, சொந்தபந்தம் எல்லாம் சுற்றி நிற்க, "என்னையக் கோயிலுக்குள்ள வச்சு பூச வைக்காம எடுக்கக்கூடாது" என்று மகனிடம் சொல்லி வாக்கு வாங்கியிருக்கிறது. பந்தல் போட்டு வீட்டு வாசலில் பூசை வைக்கலாம், ஆனால் வாக்குப் பொய்க்கும். அடுத்த பங்குக்குக் கொண்டுபோகலாம், ஆனால் ஊர் எல்லையைத் தாண்டிய பெட்டி திரும்ப ஊருக்குள் வரக்கூடாது. கிழவியின் புருஷன் கல்லறையோ இங்கே இருக்கிறது. மந்திரித்த பீடத்தோடு, கதவோடு, கூரையோடு, ஒரு பெட்டியை வைக்கிற அளவு இடத்தோடு ஊரில் நின்றது ஒரே ஒரு கட்டடம்தான்.

அதன் சாவி என் பையில் இருந்தது.

காலை பத்து மணிக்கு அவர் கடைக்கு வந்தார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மத்தியானத்துக்குள் ஒட்டியாக வேண்டும், எடுப்பது சாயங்காலம் நாலு மணிக்கு. முகம் வழிக்கவில்லை, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. நான் எழுந்து நின்று வருத்தம் சொன்னேன். எழுதிக் கொண்டுவந்த தாளை நீட்டினார். தன் அம்மா இறந்த அன்றுகூட அதே முத்து முத்தான கையெழுத்து. கடைசி வரியில் இப்படி இருந்தது: 'நல்லடக்கத் திருப்பலி, மாலை 4 மணி, கீழத்தெரு செபக்கூடம்.'

அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். சந்தோஷத்தில்தான். மறைக்க என்ன இருக்கிறது?

"சார், செபக்கூடத்துல பூசை வைக்கிற வழக்கம் இல்லியே" என்றேன்.

"சாமியார் வைக்கிறேன்னுட்டாரு."

"இல்ல சார். கோயில்னா பெட்டியக் கொண்டு போகலாம். செபக்கூடத்துல எப்பிடி? நீங்கதான எல்லாத்துக்கும் முறை சொல்றவங்க."

அவர் என்னைப் பார்த்தார். முதல் முறையாகப் பார்த்தார் என்றே சொல்ல வேண்டும். நான் கணினிப் பக்கம் திரும்பி எல்லாவற்றையும் அடித்தேன். பெயர், வயது, மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகளின் படிப்பு, ஒன்றையும் விடவில்லை. கடைசி வரியில் 'கீழத்தெருக் கோயில்' என்று அடித்தேன். ஒரு தாளில் எடுத்து, சிவப்புப் பேனாவோடு அவர் முன்னால் வைத்தேன். இந்த முறை அவர் பெயர்களைப் பார்க்கவில்லை. கண் நேராகக் கடைசி வரிக்குப் போய் அங்கேயே நின்றது.

"என்னம்மா இது, இந்த நேரத்துல" என்றார்.

"நீங்க சொன்ன வார்த்ததான் சார். எங்கம்மா செத்த அன்னைக்கு. ஒங்களுக்குன்னுதான் ஒரு கோயில் இருக்குல்ல, அங்கிட்டே வச்சு முடிச்சிருன்னு எங்கப்பாகிட்ட சொன்னீங்க. வாழமரம் கட்டிக்கிட்டிருந்தாங்க."

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "எப்ப?" என்று கேட்டார்.

நடிக்கவில்லை, உண்மையாகவே ஞாபகம் இல்லை. நான் வருடக்கணக்காக ஒரு வரியை உருப்போட்டு வைத்திருக்கிறேன், சொன்ன ஆளுக்கு அது நினைவில் இல்லை. அந்த ஒரு கேள்வி இல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் இளகியிருப்பேன். அவர் கண் சிவந்திருந்தது, அம்மாவைப் பறிகொடுத்த மகனாகத்தான் என் முன்னால் நின்றார். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததால்தான் இனித்தது.

அப்போது என் போன் அடித்தது. ஊரிலிருந்து தம்பி.

"அக்கா, சாவிய நீ கொண்டு போயிட்டியாம்ல? அப்பா கடப்பாரைய வச்சுப் பூட்ட ஒடைச்சுட்டாரு. உள்ள கூட்டிக் கழுவி விட்டுட்டு, பெஞ்ச எல்லாம் வெளிய போடச் சொல்றாரு. மேலத்தெருவுலருந்து பெட்டி வருதாம். நீ அவுங்கள அங்க அலைய விடாத."

"சரி" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

செயலாளர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கதவு திறந்துவிட்டது, பெட்டி வரலாம், நீங்கள் எதை எழுதினாலும் எழுதாவிட்டாலும் உங்கள் அம்மாவுக்குப் பூசை உண்டு. இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். சொல்லவில்லை. உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

"சாவியக் குடும்மா" என்றார்.

"எதுக்குச் சாவி சார்?"

பக்கத்துக் கடையில் லேமினேஷன் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"கோயிலுக்கு" என்றார்.

பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். உடைந்த பூட்டின் சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

போஸ்டர் அடித்து, நானே ஆள் வைத்து ஒட்டச் சொன்னேன். டீக்கடையில், ரேஷன் கடைச் சுவரில், பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டில், இடித்துப் போட்ட பங்குக் கோயிலின் தகர வேலியில். பஸ்ஸை விட்டு இறங்குகிறவன் கண்ணில் முதலில் படுகிற மாதிரி. மூன்று மணிக்கு நான் ஊருக்குப் போனபோது அத்தனை சுவரிலும் கிழவி சிரித்துக்கொண்டிருந்தது, கீழே எங்கள் வார்த்தை. ஒவ்வொரு போஸ்டருக்கும் வண்டியை நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

மேலத்தெரு முழுக்கக் கீழத்தெருவுக்குள் நடந்து வந்தது. இதுவரை எங்கள் தெருவில் கால் வைத்திராத பெண்கள் செருப்பை எங்கே விடுவது என்று கேட்டார்கள். எங்கள் பெண்கள் ஜமுக்காளம் விரித்து, தண்ணீர் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அப்பா வாசலில் வெள்ளைச் சட்டை போட்டு நின்றார். பெட்டி நிலைப்படியில் இடித்துவிடாமல் இருக்க, மங்கிய கண்ணோடு கதவைத் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் பெட்டியை வைத்த அதே இடத்தில் வைத்தார்கள். சாமியார் பூசை வைத்தார். பாட்டு உண்டு, தூபம் உண்டு, எல்லாம் உண்டு.

பூசை முடிந்து பெட்டி கிளம்பும்போது செயலாளர் வாசலில் நின்றார். மடியிலிருந்து சாவியை எடுத்து அப்பாவிடம் நீட்டினார்.

"இந்தாங்க" என்றார். "ஒங்க மக குடுத்தாங்க. வந்து பாத்தா தொறந்துருந்துச்சு. நீங்க பூட்ட ஒடைச்சீங்கன்னு சொன்னாங்க."

இந்தாங்க. நீங்க. நான் அவரைக் குனிய வைத்து, கையெழுத்து வாங்கி, வாயைத் திறக்க வைத்து வாங்கிய வார்த்தை ஒன்றே ஒன்று. அப்பா யாரிடமும் எதுவும் கேட்காமல் ஒரு பூட்டை உடைத்து இவ்வளவையும் வாங்கிவிட்டார். எனக்கு அதுவும் ஆத்திரமாகத்தான் இருந்தது.

கூட்டம் கல்லறைக்குப் போன பிறகு அப்பா சாவியை விரலால் தடவிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"தம்பி ஒனக்குப் போன் பண்ணலையா?"

"பண்ணான்."

"அப்பறமா குடுத்த?"

"ஆமா."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். கோபப்படவில்லை, புத்திமதி எதுவும் சொல்லவில்லை. "உங்கம்மாவுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு, கடைசியாப் பாடுனாங்களே, அது" என்றார். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பூவையெல்லாம் கூட்ட ஆரம்பித்தார். நான் வாசலிலேயே நின்றேன்.

புதுப் பங்குக் கோயில் கட்டி முடித்துவிட்டார்கள், திருவிழாவும் ஒன்று முடிந்துவிட்டது. நோட்டீசை இன்னும் அவர்தான் எழுதிக் கொண்டுவருகிறார். சப்பரம் செல்லும் வழியில் 'கீழத்தெரு' என்று மட்டும் எழுதி நிறுத்தியிருந்தார், மேற்கொண்டு ஒரு வார்த்தை இல்லை. மிச்சத்தை நான் அடித்தேன். அவர் கடைசிப் பத்தி வரைக்கும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சப்பரம் எங்கள் தெரு முனை வரை வந்து, கொஞ்ச நேரம் நின்று, திரும்பிப் போனது. உள்ளே வரவில்லை. அதற்கும் ஒரு நாள் வரும், நான் காத்திருப்பேன், எனக்குப் பழக்கம்தான்.

கிழவிக்கு வைத்த அந்தப் பூசையில் எல்லாரும் நற்கருணை வாங்கப் போனார்கள், நான் போகவில்லை. இன்றுவரை போகவில்லை. பாவத்தோடு அதை வாங்கக்கூடாது; சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி, பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுப் போகலாம். புதுச் சாமியார் நல்லவர், பொறுமையாகக் கேட்பார். பொய் சொன்னது, புறம் பேசியது எல்லாவற்றையும் சொல்லிவிட முடியும். அந்தப் போன் வந்த பிறகு உட்கார்ந்திருந்த அந்த ஒரு நிமிடத்தையும் சொல்லிவிடலாம். ஆனால் சொன்ன பிறகு, அதற்காக முழு மனதோடு வருந்துகிறேன் என்று முடிக்க வேண்டும். அங்கேதான் எனக்கு வாய் வரவில்லை.